கதவைத் திறந்தது யார்

ஜனவரி 19, 1997

அன்புள்ள வெர்லீன் அக்காவுக்கு,

ஓடெல் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தொல்லை கொடுத்த கடைவாய்ப் பல்லைப் போன வாரம் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கினவன் பல் வைத்தியனா, லாரி மெக்கானிக்கா என்று இன்னும் சந்தேகம்தான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நாள் முழுக்க நின்று பரிமாறுகிறாய், வீட்டுக்கு வந்தாவது உட்கார். முழங்கால் சரியானதும் ஒரு நடை வந்து போ. நீ வந்து ஏழு மாதமாகிறது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அட்லாண்டாவிலிருந்து ஒரு பெண் வக்கீல் என்னைப் பார்க்க வந்தார். மிஸ் பாய்கின். நம் ஆள்தான், கறுப்பினப் பெண், உன்னைவிடப் பத்து வயதாவது சின்னவராக இருப்பார். கையில் ஒரு பட்டியல். போதைப்பொருளில் இரண்டாம் தடவை மாட்டினால் ஆயுள் என்கிற சட்டத்தில் நம் பக்கத்து ஐந்து மாவட்டத்திலிருந்து சிறைக்குள் வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.

"இதுல வெள்ளைக்காரங்க எத்தனை பேர் இருப்பாங்க, சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"ரெண்டு பேர்?" என்றேன்.

"ஒருத்தர்கூட இல்ல, மிஸ்டர் டார்வர்."

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானாம். ஆனால் அரசு வக்கீல் தனியாக ஒரு தாள் தாக்கல் செய்தால்தான் ஆயுள் விழும். யாருக்குத் தாக்கல் செய்வது, யாருக்கு விடுவது என்பது அவர் இஷ்டம். அந்தத் தாளை எதிர்த்து மோதினால் கோர்ட் கேட்காது, உங்கள் வழக்கில் வேறு ஓட்டை இருக்கிறது என்கிறார் மிஸ் பாய்கின். அன்று போலீஸ் நம் வீட்டுக்குள் வந்ததற்குச் சோதனை உத்தரவே கிடையாது. கோப்பு முழுக்கத் தேடிவிட்டார். உத்தரவும் இல்லாமல், வீட்டில் இருப்பவர் சம்மதமும் இல்லாமல் வந்திருந்தால் என் ஷூவுக்குள் எடுத்தது செல்லாது.

"கதவைத் திறந்தது யாரு?" என்று கேட்டார். நைட் ஷிப்ட் முடித்து வந்து பின் அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன், முன்னால் அக்காதான் இருந்தாள் என்றேன். அதையே பிரமாணமாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பழைய வக்கீல் இந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

உனக்குக் கடிதம் போடுவார். நடந்ததைச் சொல்.

நீ சுகமாக இருக்க வேண்டிக்கொள்ளும் தம்பி,
ஓடெல்


பிப்ரவரி 9, 1997

அன்புள்ள ஓடெலுக்கு,

கர்த்தர் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். பல் பிடுங்கின இடத்தில் உப்புத் தண்ணீர் கொப்பளி. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பஸ்ஸில் நாலு மணி நேரம் மடக்கி உட்கார முடிவதில்லை, அதனால்தான் வர முடியவில்லை.

இங்கே விடாத மழை. கடலைக் காடு முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. சாப்பாட்டுக் கூடத்துக் கூரையும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. கீரை வேகிற அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பக்கெட் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறோம். கூரையைச் சரிசெய்ய வந்தவன் யார் என்று நினைக்கிறாய்? க்ளே வாட்லி. இரும்புக் கடைக்காரர் மகன். நல்ல சதை போட்டிருக்கிறான். கல்யாணம் ஆகிவிட்டதாம். "மிஸ் வெர்லீன், ஒரு காபி கெடைக்குமா?" என்று உரிமையோடு கேட்டு வாங்கிக் குடித்தான்.

சர்ச்சில் மார்ச் மாதம் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர்களின் ஆண்டு விழா. பதினெட்டு வருஷம் ஏந்தியதற்காக எனக்கு ஒரு பட்டயம் தருகிறார்கள். புது வெள்ளைக் கையுறை வாங்க வேண்டும். அடுப்பில் ஒரு பர்னர் எரிவதில்லை. பக்கத்து வீட்டு நாய் ஆறு குட்டி போட்டிருக்கிறது.

வேறு விசேஷமில்லை. சாப்பிடு, தூங்கு.

உன் அக்கா,
வெர்லீன்

அந்த வக்கீல் கடிதம் வந்தது. கடிகாரத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.


பிப்ரவரி 23, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்று பக்கம் மழை. நாய்க்குட்டிக்கு இரண்டு வரி, எனக்கு அடியில் ஒன்றரை வரி. என் அறையில் இருக்கும் ப்ரூவிட் கிழவர் படித்துவிட்டு, "உங்க அக்கா ரேடியோல வேலை பாக்குதா?" என்கிறார்.

க்ளே வாட்லிக்குக் காபி கொடுத்தாய். கொடு, உன் கை யாருக்கும் இல்லை என்று சொல்லாது. ஆனால் அந்த வெள்ளைக்காரனும் இரண்டாம் தடவை மாட்டினவன்தான், ஞாபகமிருக்கிறதா? நான் மாட்டின அதே வருஷம். அவனிடம் இருந்தது கொக்கெய்ன் பொடி, என்னிடம் இருந்தது அதையே காய்ச்சின கட்டி. அவனுடையது ஒரு சாண்ட்விச் பை நிறைய. என்னுடையது தீப்பெட்டியில் பாதிகூட வராது. அவனுக்கு அந்தத் தாளைத் தாக்கல் செய்யவில்லை. கடற்கரைப் பக்கம் ஏதோ மருத்துவமனையில் மூன்று மாதம் காற்று வாங்கவைத்து அனுப்பினார்கள். நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. கோழித் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் விற்றேன். அது தப்பு. ஆனால் அது சாகிறவரை உள்ளே கிடக்கிற அளவுக்குத் தப்பா என்றுதான் கேட்கிறேன்.

அன்று அவர்கள் உன்னைக் கேட்கவே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அப்படித்தான் ஞாபகம். உனக்கும் அப்படித்தான் ஞாபகம் இருக்கும். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் இங்கே சிறையில் இரண்டு பேர் படிப்பார்கள், அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

தம்பி,
ஓடெல்


மார்ச் 30, 1997

அன்புள்ள ஓடெலுக்கு,

இன்று ஈஸ்டர். உயிர்த்தெழுந்தவர் உன் அறையிலும் இருக்கட்டும். தாமதமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். முழங்கால் வீங்கியிருந்தது.

மிஸ் பாய்கின் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். நான் மக்காச்சோள ரொட்டித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவரும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். நல்ல பிள்ளை.

"மிஸ் வெர்லீன், அன்னிக்கு என்ன நடந்துச்சோ அப்படியே சொல்லுங்க. சொல்ல வேணாம்னு நெனைக்கிறதையும் சேத்துச் சொல்லுங்க. எது உதவும், எது உதவாதுன்னு நான் பாத்துக்கிறேன்."

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"அஞ்சு வருசமாச்சில்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மிச்சத் தட்டுகளையும் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

டென்னி ஸ்ட்ரிக்லண்டின் மகள் இந்த வருஷம் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். டென்னி இப்போது போலீஸில் சார்ஜெண்ட். அந்தப் பிள்ளைக்கும் அப்பனுக்கு இருக்கிற மாதிரியே முன்பல் இடைவெளி. அவனும் அந்த வயதில் அதே வரிசையில்தான் நின்றான். வீட்டில் காலைச் சாப்பாடு கிடையாது அவனுக்கு, தெரியுமா? மதியம் நான் இரண்டு கரண்டி கூடுதலாக வைப்பேன். ஒரு நாளும் நன்றி சொல்லாமல் போனதில்லை.

போலீஸ் வந்த அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது ஓடெல். மறந்தால் தேவலை.

வெயில் ஏறிவிட்டது. பூச்சித் தொல்லை தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
வெர்லீன்


ஏப்ரல் 6, 1997

அக்கா,

என்ன யோசனை?

இருபத்தாறு வயதில் உள்ளே வந்தேன். இப்போது முப்பத்தொன்று. டென்னி ஸ்ட்ரிக்லண்டுக்குக் காலைச் சாப்பாடு கிடைத்ததா இல்லையா என்று எனக்கு எதற்கு? அவன்தான் எனக்கு விலங்கு மாட்டினான். நீ எழுத வேண்டியது ஒரு வரி. என் வாழ்க்கையில் நான் உன்னிடம் வேறு என்ன கேட்டிருக்கிறேன்?

ஓடெல்


ஏப்ரல் 27, 1997

அன்புள்ள ஓடெலுக்கு,

உன் கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். சாப்பாட்டின் மேல் காட்டாதே.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை மதியம், பாங்க்கில். அங்கே நோட்டரி முத்திரை குத்துகிற பெண் வலது கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். "இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று கடவுள் சாட்சியாகச் சொல்கிறீர்களா" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். இரண்டு போலீஸ்காரர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், நான் அவர்களை அழைக்கவில்லை, பேசவும் இல்லை. அதில் அப்படித்தான் இருக்கிறது. நீ கேட்ட ஒரு வரி.

மிஸ் பாய்கின் படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா, மிஸ் வெர்லீன்? வேற ஒரு வார்த்தைகூடப் பேசலியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இவ்வளவுதான் என்றேன்.

சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துவதை விட்டுவிட்டேன். முழங்கால் தாங்கவில்லை. பாஸ்டருக்கு வருத்தம்தான். கையுறையை என்னோடு தட்டு ஏந்தின லொரெட்டாவிடம் கொடுத்துவிட்டேன், அவள் அளவும் என் அளவும் ஒன்றுதான்.

சுகமாக இரு.

வெர்லீன்


மே 18, 1997

என் அன்பான அக்காவுக்கு,

ஆயிரம் முத்தம். உன் தம்பி இரண்டு வாரமாகத் தரையில் கால் பாவாமல் நடக்கிறான். ஜூன் 24, செவ்வாய்க்கிழமை விசாரணை. நம் ஊர்க் கோர்ட்டிலேயே. உன்னையும் டென்னியையும் கூப்பிடுவார்கள். இது வலுவான மனு என்று மிஸ் பாய்கின் சொல்கிறார். அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

போன கடிதத்துக்காக மன்னித்துவிடு. இங்கே சுவர் பேசும், நாம் பதில் சொல்வோம், அப்படி ஆகிவிடுகிறது.

வந்ததும் என்ன செய்வேன் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். முதல் நாள் முழுக்கக் குளிப்பேன், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு. அப்புறம் உன் எரியாத பர்னரைச் சரிசெய்வேன். நீ அந்த வெண்ணெய் கேக் செய்ய வேண்டும், மேலே விரிசல் விட்டு ஓரம் மொறுமொறுவென்று இருக்குமே, அது. ப்ரூவிட் கிழவர் தனக்கு ஒரு துண்டு தபாலில் வர வேண்டும் என்கிறார். அவருக்கு எழுபது வயது, அவரும் இரண்டாம் தடவைக்காரர்தான். "எனக்கு முன்னாடி நீ போயிருவ, மறந்துராத" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முழங்காலுக்காகத் தட்டு ஏந்துவதை விட்டாய் என்பது எனக்குப் பிடிபடவில்லை. தட்டு ஏந்தப் பத்து நிமிஷம், பரிமாற ஆறு மணி நேரம். அதை விடாமல் இதை ஏன் விட்டாய்?

போகட்டும். நேரில் பேசிக்கொள்வோம்.

உன் தம்பி,
ஓடெல்


ஜூன் 29, 1997

அன்புள்ள ஓடெலுக்கு,

உன்னைக் கோர்ட்டில் பார்த்தபோது இளைத்துத் தெரிந்தாய். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

கூண்டில் நான் உன் பக்கம் திரும்பவில்லை. நீ என் பின்னந்தலையைத்தான் பார்த்திருப்பாய். எனக்கு முன்னால் டென்னி சொன்னதை நீயும் கேட்டாய். மிஸ் வெர்லீன்தான் கதவைத் திறந்தார், பேர் சொல்லி உள்ளே கூப்பிட்டார், உட்காரவைத்துக் கேக் கொடுத்தார், எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்புறம் அரசு வக்கீல் என்னிடம் அந்தத் தாளை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"சார்ஜெண்டுக்குக் கேக் குடுத்தீங்களா, இல்லியா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பொய் வரவில்லை. "குடுத்தேன்" என்றேன். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள்.

இந்தக் கடிதத்தை எத்தனை பேர் படித்தால் என்ன, ஊரே கேட்டாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை நடந்ததை உனக்கு நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன். மறுநாள் சர்ச் விருந்துக்காகக் கேக் செய்து ஆறவைத்திருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் டென்னி. அவனுக்கு ஆறு வயதானதிலிருந்தே எனக்குத் தெரியும். சட்டையில் பேட்ஜ் இருந்தது, ஆனால் நான் பார்த்தது அந்த முன்பல்லைத்தான்.

"மிஸ் வெர்லீன், உள்ள வரலாமா?"

"வா டென்னி, வா. காலத் தொடச்சுட்டு வா. சாப்பிட்டியா?"

இப்படித்தான் சொன்னேன். மேஜையில் உட்காரவைத்து ஒரு துண்டு வெட்டி வைத்தேன். அவனோடு வந்த இன்னொருவன் உட்காரவில்லை. பின் அறைப் பக்கம் நடந்தான். "அங்க போகாதீங்க, என் தம்பி நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து தூங்குறான்" என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டென்னி தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். தட்டில் முள்கரண்டி படுகிற சத்தம் கேட்டது. பிறகு நீ கத்தினாய்.

எங்கே வேண்டுமானாலும் பார் என்று நான் சொல்லவில்லை. அதைக் கோர்ட்டிலும் சொன்னேன். போகாதே என்றுதான் சொன்னேன், தம்பி தூங்குகிறான் என்றேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அந்தக் கேக்கை நான் செய்ததில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் முந்நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் சாப்பிடுகிற சத்தத்தில் எனக்கு அந்த ஒரு முள்கரண்டி தனியாகக் கேட்கிறது. உன்னைப் பிடித்துக் கொடுத்தது நான்தான் ஓடெல்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா,
வெர்லீன்


ஜூலை 21, 1997
அட்லாண்டா

மரியாதைக்குரிய மிஸ் வெர்லீன் டார்வர் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நல்ல செய்தியோடு எழுத முடியாததற்கு வருந்துகிறேன்.

மனு தள்ளுபடியாகிவிட்டது. ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சத்தியம் செய்து சொன்ன சாட்சியின் எந்தப் பேச்சையும் ஏற்க முடியாது, எனவே சார்ஜெண்ட் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன் என்று நீதிபதி எழுதியிருக்கிறார். உங்கள் மேல் பொய்ச் சாட்சி வழக்குப் போடப்போவதில்லை என்று அரசு வக்கீல் சொல்லியிருக்கிறார். அதைப் பெருந்தன்மை என்று அவர் நினைக்கிறார்.

முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன். ஒருவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பது வேறு, வீட்டைச் சோதனை போடச் சம்மதிப்பது வேறு. முன் அறைக்கு அழைத்தால் பின் அறைக்குப் போகலாம் என்று ஆகிவிடாது. "அங்க போகாதீங்க" என்று நீங்கள் சொன்னீர்களே, அந்த ஒரு வாக்கியத்தை முதல் வழக்கிலோ, ஏப்ரலில் என்னிடமோ நீங்கள் சொல்லியிருந்தால், கேக்கோடு சேர்த்தே சொல்லியிருந்தால், அதை வைத்தே நான் வாதாடியிருப்பேன். ஜெயித்திருப்போம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எனக்கு அதைவிட நல்ல வாதம் கிடைத்திருக்காது.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வாட்லி வீட்டுப் பையனைப் பிடித்த அன்று, அவன் வாய் திறப்பதற்கு முன்னால் அவர்கள் குடும்ப வக்கீல் பக்கத்தில் நின்றார். உங்களுக்கு யார் நின்றார்கள்?

மேல்முறையீடு செய்கிறேன். இரண்டு வருஷம் ஆகலாம். உங்கள் தம்பி என் கடிதங்களுக்கும் பதில் போடுவதில்லை.

உண்மையுள்ள,
ரெனிட்டா பாய்கின்


செப்டம்பர் 14, 1997

அன்புள்ள ஓடெலுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஜூனுக்குப் பிறகு இது நான்காவது கடிதம்.

போன சனிக்கிழமை வந்தேன். பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காவலர் வந்து, "அவரு வரலன்னு சொல்லிட்டாரும்மா" என்றார். நல்ல மனிதர், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சுற்றி எல்லோரும் அவரவர் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நம் ஆட்கள். ஒவ்வொரு வீட்டிலும் யார் கதவைத் திறந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மிஸ் பாய்கின் எழுதியதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். கேக் கொடுத்தது குற்றமே இல்லையாம். போகாதே என்று நான் சொன்னதைச் சொல்லியிருந்தால் அதுவே போதுமாம். கேக்கை மறைக்கப் போய் அதையும் சேர்த்து மறைத்துவிட்டேன். ஐந்து வருஷமாக என் வாயிலேயே இருந்திருக்கிறது.

எழுத வேண்டாம். உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் யாரையாவது சொல்லச் சொல்.

வெர்லீன்


நவம்பர் 2, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். உடம்பில் ஒரு குறையுமில்லை. ப்ரூவிட் கிழவர் ஆகஸ்டில் இறந்துபோனார். கேட்டு வாங்கிக்கொள்ள யாரும் வராததால் இங்கேயே புதைத்தார்கள். அவர் படுக்கைக்கு இருபது வயதுப் பையன் ஒருவன் வந்திருக்கிறான். இரண்டாம் தடவை.

நீ வந்த அன்று நான் வராதது உன் மேல் கோபத்தினால் அல்ல. உன் முகத்தைப் பார்க்க எனக்கு முகமில்லை. இதைப் படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

நான் அன்று தூங்கவில்லை.

படுத்திருந்தேன், ஆனால் முழித்துவிட்டேன். கதவு தட்டினது கேட்டது. நீ "வா டென்னி" என்றது கேட்டது. சாப்பிட்டியா என்றது கேட்டது. "அங்க போகாதீங்க, என் தம்பி தூங்குறான்" என்று சொன்னது, அதுவும் அட்சரம் பிசகாமல் கேட்டது. எல்லாம் எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

கட்டிலுக்கு மேலே ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஷூவைத் தூக்கி வெளியே எறிய எனக்கு நேரம் இருந்தது. எறியவில்லை. ஏன் தெரியுமா? டென்னிதானே என்று நினைத்தேன். நம் அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன், ஏதோ அந்தப் பக்கம் போகிறவன் எட்டிப் பார்க்க வந்திருக்கிறான் என்று திரும்பிப் படுத்தேன். நீ செய்த அதே தப்பைத்தான் நானும் செய்தேன், படுத்துக்கொண்டே.

ஜனவரியில் மிஸ் பாய்கின் வந்தபோது, நீ அவனை உள்ளே கூப்பிட்டது தெரிந்தால் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அதனால் தூங்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று உனக்கு எழுதினேன். அது நடக்கவில்லை என்று தெரிந்தே எழுதினேன். உனக்குப் பொய் வராது என்றும் தெரியும். தெரிந்தும் உன்னைக் கூண்டில் ஏற்றினேன். நீ மறைத்த வாக்கியத்தைச் சொல்ல என்னால் முடிந்திருக்கும் அக்கா. கேட்டவன் நான் ஒருவன்தான். இப்போது நான் சொன்னால் எனக்கும் இரண்டு சத்தியம் ஆகிவிடும்.

மிஸ் பாய்கினுக்கும் எழுதிவிட்டேன். ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது.

நீ என்னைப் பிடித்துக் கொடுக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

ஓடெல்


நவம்பர் 9, 1997

ஓடெல்,

நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை.

உன் கடிதத்தைத் தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று படித்தேன். இரண்டு தடவை. ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னான், அவனை நான் திட்டின திட்டு சர்ச்சில் தெரிந்தால் சும்மா விடமாட்டார்கள்.

உனக்குத் தெரியும். நீ சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாய். நான் இந்தப் பக்கம் உனக்குத் தெரியவே கூடாதென்று செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே வருவதைக் குறைத்தது முழங்காலினால் இல்லை. உன் எதிரில் உட்கார்ந்தால் வாயிலிருந்து வந்துவிடும் என்று பயந்து வராமலிருந்தேன். ஐந்து வருஷத்தில் எண்ணி ஒன்பது தடவை. மீதி நாளெல்லாம் நீ அங்கே தனியாக, நான் இங்கே தனியாக. அந்தத் தண்டனையை எந்த நீதிபதியும் கொடுக்கவில்லை, நாமே எடுத்துக்கொண்டோம்.

நேற்று அந்த ஸ்ட்ரிக்லண்ட் பிள்ளையைக் கடையில் பார்த்தேன். அம்மாவோடு வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கை ஆட்டியது. நானும் ஆட்டினேன். அது குழந்தை. அதன் அப்பன் மேல் எனக்கு இருப்பது அப்படியே இருக்கிறது, அது தீராது, தீர வேண்டும் என்று பாஸ்டர் சொன்னாலும் தீராது. அரசு வக்கீல் மேலும், கடிகாரம் பார்த்த அந்த நீதிபதி மேலும் அப்படித்தான். ஆனால் அவர்களைப் பார்த்துக் கத்த எனக்கு இடமில்லை. உன்னைப் பார்த்துக் கத்த இருக்கிறது.

அதனால் வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நலம் விசாரிக்க வரவில்லை, திட்ட வருகிறேன். இரண்டு மணி நேரம் போதாது, அதற்கடுத்த சனிக்கிழமையும் வருவேன். வரவில்லை என்று சொல்லி அனுப்பினாலும் உட்கார்ந்திருப்பேன். திட்டி முடித்த பிறகு பேசலாம். அவர்கள் உனக்கு ஆயுள் என்று எழுதிவிட்டார்கள் ஓடெல். நமக்கு நிறையச் சனிக்கிழமைகள் இருக்கின்றன.

உன் அக்கா,
வெர்லீன்